வான்வழித் தூரம்

சிரித்துவிடக் கூடாது. விமானத்துக்குள் சிரித்தால் பாதகமில்லை, இங்கே என்னை யாருக்கும் தெரியாது. தூத்துக்குடியில் இறங்கி, ஏரல் வீட்டு வாசலில் கால் வைக்கும்போது முகம் துஷ்டி வீட்டு முகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தை போய்விட்டாள். அப்பாவின் அக்கா உலகம்மாள், எண்பதைத் தாண்டியவள், இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தவள், ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தாள். செல்வி போன் செய்தபோது நான் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டின் நாக்கை எந்த வாயில் செருகுவது என்று தடவிக்கொண்டிருந்தேன். செல்வி என் தம்பி பெண்டாட்டி, வாயில்லாப் பூச்சி, அவள் அழுது நான் கேட்டதே இல்லை. இறக்கையில் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது, பாதி காதில் விழவில்லை. “மைனி, அத்தை போயிட்டாவ மைனி, விடியக்காலம், கட்டில்ல…” என்று அழுதாள். அதற்குள் பணிப்பெண் வந்து, வகுப்பில் நான் பிள்ளைகளிடம் நிற்பதுபோல் என் தலைமாட்டில் நின்று போனை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். சந்தோஷமாகத்தான் அணைத்தேன். இறங்கும்வரை யாரும் என்னை அழச் சொல்ல முடியாது.

போன வாரம் தம்பி நெல்லையப்பன், “இன்னைக்கோ நாளைக்கோ அக்கா, டாக்டர் கைய விரிச்சிட்டாரு, வந்துட்டுப் போயிரு” என்று சொன்னவுடனே நான் செய்த முதல் வேலை தூரம் பார்த்ததுதான். இரண்டு ஊரின் பெயரையும் தட்டினால் ஒரு இணையதளம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. சேலத்திலிருந்து தூத்துக்குடி, வான்வழித் தூரம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி. படத்தில் ஒரு கோடு, மேலிருந்து கீழே, கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டு மாதிரி நேராக. நான் கணக்கு டீச்சர், எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. பஸ்ஸில் போனால் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று டீ குடித்து, முறுக்கு விற்பவனோடு மல்லுக்கட்டி, இடுப்பு ஒடிந்து போய்ச் சேர வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் போய் அந்தக் கிழவியையா பார்ப்பது. பறந்து போனால் கோபம் ஆறுவதற்குள் போய்விடலாம். கோபம் ஆறிப்போன முகத்தோடு நான் அவள் கட்டிலருகே போய் நிற்க விரும்பவில்லை. ஒரு தடவையாவது அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்றிருந்தேன், நீ செத்தால்தான் என் அம்மா உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று. சொல்வதற்குள் போய்விட்டாள், அதிலும் முந்திக்கொண்டாள். போகட்டும். தூரம் வகுத்தல் நேரம் சமம் வேகம். கட்டிலுக்கும் அடுப்படிக்கும் உள்ள தூரத்தை எந்தத் தளத்தில் தட்டிப் பார்ப்பது. நடுவில் ஒரு முற்றம், ஒரு படி இறங்கி ஒரு படி ஏற வேண்டும். ஏ இவளே, வெந்நி. ஏ இவளே, முதுகு அரிக்கி. ஏ இவளே, வெத்தல இடிச்சியா, இடிச்சிக்கிட்டே இருக்கியா. அந்த நடையை எல்லாம் ஒரே கோடாக நீட்டியிருந்தால் அம்மா சேலத்துக்கு எத்தனையோ தடவை வந்து போயிருப்பாள். இத்தனைக்கும் நான் கல்யாணமாகிப் போன இந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் சேலத்தைக் கண்ணால் கண்டதில்லை. என் மகன் பிறந்தபோதுகூட வரவில்லை. அத்தைக்கு அப்போது கால் சுளுக்கு.

மேலே ஏறிவிட்டோம். காது அடைத்து, திறந்து, அடைக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் ஏறியதிலிருந்து மடியில் ஒரு அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தார், மாம்பழ வாசனை. பணிப்பெண் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி மேலே வைத்துவிட்டுப் போனாள். அப்போதிலிருந்து சேலத்து மாம்பழத்துக்கே அவமானம் என்பதுபோல் முகத்தை வைத்திருந்தார். பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தூத்துக்குடிக்காரர், உப்பு லாரி விடுகிறவர், பெயர் மாசிலாமணி. “நம்ம லாரி ஏழு மணி நேரம் வரும் இந்த ரோட்ட, இவன் ஏறினதும் எறங்கிருதானாமே, மெய்யாவாம்மா?” என்றார். மெய்தான் என்றேன். “நீங்க என்ன சோலியா?” துஷ்டிக்கு என்றேன். வாயில் அந்த வார்த்தை வந்ததும் எனக்கே ஒரு ருசி. “அடப் பாவமே. யாரு?” “அத்தை.” “மாமியாரா?” என்றார். எரிச்சலாக வந்தது. மாமியார் போய் ரொம்ப நாளாயிற்று, அவள் இருந்த சுவடும் தெரியாது, போன சுவடும் தெரியாது. “இல்ல, எங்கப்பாகூடப் பொறந்தவ” என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். “அத்தைன்னா நம்ம ஊர்ல எத்தன பேரு. அத்தை மடியில வளந்த பிள்ளையளுக்குத்தான் தெரியும் அந்த அரும” என்று கண்ணை வேறு துடைத்துக்கொண்டார். அத்தை மடி. நான் பிறந்ததும் எட்டிப் பார்த்து, இதுக்கா இந்தப் பாடு பட்டே என்று அம்மாவைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மடி. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், வந்த அன்றைக்கே சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள் என்பார்கள். அம்மா நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள், அடுப்படிச் சுவரில் ஒரு தோளைச் சாய்த்து, தட்டை ஒரு கையில் ஏந்தி. உட்கார்ந்தால் கூப்பிடும் சத்தம் கேட்டதும் எழுந்திருக்க நேரமாகுமாம். அப்பா இதையெல்லாம் பார்த்தார், பேப்பருக்குப் பின்னாலிருந்து. அப்பாவும் நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கிக்கொண்டே செத்தார். மாசிலாமணியிடம் ஆமா ஆமா என்றேன். பணிப்பெண் கொடுத்த கேக்கை முழுசாகச் சாப்பிட்டேன். துஷ்டிக்குப் போகிறவள் இப்படிச் சாப்பிடுகிறாளே என்று அவர் பார்த்திருப்பார், பார்க்கட்டும்.

கீழே மணல் நிறத்தில் அகலமாக ஒன்று, நடுவில் சாக்கடை அகலத்துக்குத் தண்ணீர், காவிரியாக இருக்கும். அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைக்க வேண்டும். பதினாறு முடிந்ததும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. நெல்லையப்பன் முனகுவான், அம்மா இல்லாவிட்டால் அவனுக்குக் குழம்பு இறங்காது. முனகட்டும். அவளுக்கு என்று கிழக்குப் பக்கத்து அறையை ஒழித்துவைத்திருக்கிறேன், கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன், ஆறு மாசமாக அதில் யாரையும் படுக்க விடவில்லை. கட்டில் வாங்கியதை அவளிடம் சொன்னபோது என்ன சொன்னாள். “ஏளா, கட்டிலா? அதுல படுத்தா எனக்குத் தூக்கம் வராது.” அத்தையின் கட்டில் காலருகே, தரையில், பழைய சேலையை விரித்துப் படுத்து அவளுக்குப் பழகிப்போய்விட்டது. அம்மா மேலும் எனக்குக் கோபம் உண்டு. கொஞ்சநஞ்சக் கோபம் இல்லை. அவள் மட்டும் ஒரு தடவை தட்டை நங்கென்று வைத்திருந்தால், ஒரே ஒரு தடவை வெந்நீரைக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சியிருந்தால். நான் அத்தையைத் திட்ட வாயெடுத்தால், “அப்பிடிச் சொல்லாதளா மங்க, மைனிக்கு வேற யாரு இருக்கா” என்பாள். இன்றைக்கும் அவள்தான் நிஜமாக அழுவாள், மார்பில் அடித்துக்கொண்டு, மைனி என்னய விட்டுட்டுப் போயிட்டியே என்று. நான் பக்கத்தில் போய், போதும் எந்திரி என்று சொல்லி, எல்லாருக்கும் முன்னால் அவளைப் பிடித்துத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, சாப்பிடு என்று ஒரு தட்டை மடியில் வைப்பேன். பிணம் நடுவீட்டில் கிடக்கும்போதே வைப்பேன். துஷ்டி வீட்டில் உலை வைக்கக் கூடாதென்றால் வழியில் வாங்கிக்கொண்டு போவேன். ஊர் பேசும், உலகம்மாளை உரிச்சு வச்ச மாதிரி வந்திருக்கா பாரு மருமக என்று. எப்போதும் அதைத்தான் சொல்வார்கள், மூக்கும் அவள் மூக்கு, நாக்கும் அவள் நாக்கு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்த வீட்டில் அம்மாவுக்காகப் பேச அந்த நாக்குதான் தோது.

பெரியத்தை. எங்கிருந்து வந்தது இந்த வார்த்தை. மதுரை கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று மாசிலாமணி காட்டினார், நான் தலையை ஆட்டினேன், அப்போது வந்தது. செல்வி உலகம்மாளை அத்தை என்று சொல்லமாட்டாள், பெரியத்தை என்பாள். பெரியத்தைக்குக் கஞ்சி குடுத்தாச்சு மைனி. பெரியத்தைக்குப் புண்ணு ஆறல மைனி. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அத்தை என்று அவள் சொல்வது அவள் மாமியாரை. அவள் மாமியார் என் அம்மா. சரி, அழுதுகொண்டு பேசினாள், ‘பெரிய’ விட்டுப்போயிருக்கும். விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கும். சாவைச் சொல்லும்போது பெரிசு சின்னது என்று யார் விளக்கம் சொல்வார்கள். போகப்போவது யார் என்று எல்லாருக்கும் தெரியும், டாக்டர் யாருக்குக் கையை விரித்தார், கட்டிலில் கிடந்தது யார். கட்டில்ல என்று சொன்னாளே. கட்டில்ல என்று என் காதால் கேட்டேன். கட்டில் அத்தையுடையது, அம்மா தரையில் படுக்கிறவள், தீர்ந்தது கணக்கு. விடை வந்துவிட்ட கணக்கை மறுபடி போடுகிற பிள்ளையை நான் தலையில் குட்டுவேன். கட்டில்ல என்றாளா, கட்டில் காலுல என்றாளா. ல என்பதற்குப் பிறகு ஏதோ இருந்தது, பணிப்பெண் அப்போதுதான் குனிந்தாள். ஏன் செல்வி அழுதாள். உலகம்மாளுக்காக அந்தத் தெருவில் நாய் அழாது. மூன்று பிள்ளை பெற்ற ஈரம் காயுமுன்னே எழுப்பி மாவாட்ட வைத்த கிழவிக்காக செல்வி ஏன் அப்படி மூச்சு வாங்க வாங்க அழுதாள்.

செல்விக்குச் சொந்த அத்தை ஒருத்தி சாத்தான்குளத்தில் இருக்கிறாள். இருக்கிறாளே, அவள் அப்பாவின் தங்கை, காதில் பாம்படம் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவள், எனக்குத் தாம்பூலம் கொடுத்தவள். அவளாக இருக்கும். அவள்தான். பாவம், சாகட்டும். அவள் செத்ததைத் தாங்க முடியாமல் செல்வி முதலில் கைக்கு வந்த நம்பரை அழுத்தியிருக்கிறாள், அது என் நம்பர். நான் அந்தப் பாம்படக்காரியை சாத்தான்குளத்தில் ஒரு கட்டிலில் படுக்க வைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டேன். அவள் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி அழவைத்தேன். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு எழுந்து போய்விட்டாள். உலகம்மாள் சாகவில்லை என்றால் பாம்படக்காரியையும் சாகடிக்கத் தயார், செல்வியையே சாகடிக்கத் தயார், ஆனால் செல்விதானே போன் செய்தாள். முந்தாநாள் அம்மா பேசும்போது என்ன சொன்னாள். இடது கை மரத்துப்போவுது, மைனியத் தூக்கித் தூக்கி, வேற ஒண்ணுமில்ல. நான் என்ன சொன்னேன். அவ போனா எல்லாம் சரியாப் போவும்மா என்றேன். அது என்ன தப்பு, கை மரத்தால் யாரும் சாவதில்லை. இடது கை. பள்ளிக்கூடத்தில் முதலுதவி சொல்லிக்கொடுக்க வந்தவர் இடது கை என்று போர்டில் எழுதி இரண்டு கோடு போட்டார், நான் பின் வரிசையில் உட்கார்ந்து கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். “எவ்வளவு தூரம் இருக்கு?” என்று பணிப்பெண்ணைக் கேட்டேன். “இன்னும் இருபது நிமிஷம் மேடம்.” தூரம் கேட்டால் நேரம் சொல்கிறாள், அலகு தெரியாதவள். போனை ஒரு தடவை ஆன் பண்ணிக்கொள்ளட்டுமா என்றேன். முடியாது மேடம் என்று சிரித்தாள், பண்ணினாலும் இங்கே டவர் கிடைக்காது என்றாள். இறங்கச் சொல்லுங்கள் என்றேன். அதற்கும் சிரித்தாள். கடவுளே, திருச்செந்தூர் முருகா, அந்தக் கிழவியே செத்திருக்கட்டும். நான் சந்தோஷப்பட்டது சரியாகவே இருக்கட்டும், என்னைப் பொல்லாதவளாகவே வைத்துக்கொள். கேக்கைத் தின்றது, சிரித்தது, எல்லாம் அவள் சாவுக்கு என்றே இருக்கட்டும். கருப்பு மண்ணும் சீமைக்கருவேலமும் கீழே ஓடிக்கொண்டிருந்தன, வேகமாகத்தான் ஓடின, ஆனால் தீரவில்லை. அந்தக் கோட்டில் இந்த இடம் ஒரு நகக்கண் அளவுகூட இல்லை. வேண்டாம், இறங்கவும் வேண்டாம். இப்படியே கடலுக்கு மேலே போய், திரும்பி, சேலத்துக்கு மேலே போய், திரும்பி. மேலே இருக்கும்வரை ஏதோ ஒரு அத்தைதான் செத்திருக்கிறாள்.

இறங்கிவிட்டது. உப்பளம் வெள்ளை வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது, சக்கரம் தரையில் மோதியது, மாசிலாமணி சாமி கும்பிட்டுக்கொண்டார். போனைத் திறந்தேன். விரல் சொன்னபடி கேட்டது, அதுதான் எனக்கு ஆச்சரியம். நெல்லையப்பன் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான், நான் அழுத்துவதற்குள் மறுபடி அவனே வந்தான்.

“அக்கா, எறங்கிட்டியா?”

“யாருல?” என்றேன்.

“செல்வி சொன்னால்லா. அம்மாதான்.”

பெல்ட் விளக்கு இன்னும் அணையவில்லை, எல்லாரும் எழுந்து பைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“விடிய எந்திரிச்சு அத்தைக்குக் கஞ்சி குடுத்திருக்கா. குடுத்துட்டு அப்பிடியே கட்டில் காலுல சாஞ்சிட்டா. அத்தை இவ தூங்குதான்னு நெனச்சு ஏசிக்கிட்டே கெடந்திருக்கா. நாங்க அடுத்த ரூம்புல, தெனமும் ஏசுறதுதானன்னு எந்திரிக்கல. வெளிச்சம் வந்தப்புறந்தான் செல்வி போயிப் பாத்தா.”

“அவ?”

“அத்தையா? நல்லாத்தான் இருக்கா. டாக்டர் வந்து பாத்துட்டு, இவங்க தேறிட்டாங்களேங்காரு. காலையில இட்லி கேட்டு ரெண்டு தின்னா. அவ கண்ணசந்த நேரத்துல அம்மாவத் தூக்கிட்டோம், அவகிட்ட இன்னும் சொல்லல. அம்மா கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம். எப்ப வருவா, எப்ப வருவான்னு உசுர எடுக்கா.”

“நடுவீட்டுலயா கெடத்தியிருக்கிய?”

“ஆமா. அத்தை ரூம்புக் கதவச் சாத்தியிருக்கு.” அவனுக்குப் பின்னால் சங்குச் சத்தம் கேட்டது. யாரோ பெஞ்சை இழுத்தார்கள். “அக்கா, ஒண்ணு கேக்கேன், ஏசாத. இப்பம் கேக்கக் கூடாதுதான். செல்வியால அத்தையத் தூக்க முடியாது, அவ இடுப்பு போயிரும். காலையிலயிருந்து யாரு கழுவி விடன்னு ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம். இன்னைக்கு நீ வந்ததும் அதப் பாத்துரு. அப்புறம், நீ அங்க கட்டிலெல்லாம் வாங்கி ரூமு ரெடி பண்ணியிருக்கதா அம்மா சொன்னா. சும்மாதான கெடக்கும் இனி. பதினாறு முடிஞ்சதும் நீ அத்தையக் கூட்டிட்டுப் போயேன். அவளுக்கும் ஒம்மேல ஒரு இதுதான, எம் மருமக என்னய மாதிரின்னு எல்லார்ட்டயும் சொல்லுவா. பஸ்ஸுல்லாம் தாங்க மாட்டா. ப்ளேன்ல உக்காந்து வந்துருவாளா? எம்புட்டு நேரம் ஆவும்?”

மாசிலாமணி பெட்டியை இறக்கிக்கொண்டு, எனக்கு வழிவிட்டு நின்றார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

“ஒரு மணி நேரந்தான்” என்றேன்.

“அது தாங்குவா” என்றான் அவன்.